பெயர் தெரியாதவர்கள் வைத்த பெயர்கள்

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்துத் திறந்திருந்த காப்பிக்கடைக்குப் போன வருஷம் அம்மாவைக் கூட்டிப் போனேன். சுவரில் பாதிக்குப் பூச்சை உரித்துச் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். அலமாரியில் வரிசையாகப் பால் மங்குகள். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் கம்பி கட்டி மாட்டுவார்களே, அதே பழைய மண் மங்குகள்தான். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கள்ளிச்செடி. விலை 18 வெள்ளி.

"அழகா இருக்குல்ல மா?" என்றேன்.

அம்மா பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். ஒரு மங்கை எடுத்து, செடியோடு சாய்த்து அடியைப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். "இது நல்ல மங்கு இல்லடா. ஓரம் உள்பக்கமா வளைஞ்சிருக்கு பாரு. உறைஞ்ச பால பிச்செடுக்கறப்ப அங்க நின்னுக்கும். பக்கத்துல இருக்கே, அது தேவல."

எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அந்தப் பதிலை அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் பையில் பாதி படித்த ஒரு புத்தகம் இருந்தது. அம்மா மாதிரி ஆட்களுக்குத் தங்கள் கையில் இருப்பது அழகா இல்லையா என்று தெரியாது, தெரியாததால்தான் அது அழகாக அமைகிறது என்று சொல்லும் புத்தகம். நான் அதை அப்போது முழுசாக நம்பிக்கொண்டிருந்தேன்.

*

புத்தகத்தின் பெயர் 'தி அன்னோன் கிராஃப்ட்ஸ்மேன்'. அறியப்படாத கைவினைஞன் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் சோயெட்சு யானாகி (1889–1961). அவர் ஜப்பானிய மொழியில் பல ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகளை, நண்பரும் ஆங்கிலேயக் குயவருமான பெர்னார்ட் லீச் தழுவித் தொகுத்து 1972இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

இந்தப் புத்தகத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுவது நல்லது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். ஒன்றுபோல் இல்லாததைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. வேலை முடிந்து வந்தால் வாடகை அறை. ஒரு மெத்தை, ஒரு மின்அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் ஆறு மாதம் பொட்டலத்தைப் பிரித்து அதிலேயே சாப்பிட்டுத் தாளோடு சுருட்டிப் போட்டேன். தனியாக இருக்கிறவன் வீட்டில் எந்தப் பொருளுக்கும் சாட்சி கிடையாது. தட்டு அழகாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஆகிவிடுகிறது.

அந்த மனநிலையில் யானாகியை வாசித்தேன். அன்றாடம் கைபடும் பொருளில்தான் அழகு ஆரோக்கியமாக இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கலைப்பொருளைவிடச் சோறு தின்னும் கிண்ணம் முக்கியம் என்கிறார். படித்த வார ஞாயிற்றுக்கிழமையே லோரோங் கூலிட் பழஞ்சந்தைக்குப் போய் சேவல் படம் போட்ட கிண்ணம் ஒன்று வாங்கி வந்தேன். அன்று இரவு அதில் ரசம் ஊற்றிக் குடித்தேன். சிரிக்காதீர்கள், அறையே மாறிய மாதிரி இருந்தது. இன்றும் அந்தக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறேன். இனி நான் யானாகியோடு போடப்போகிற சண்டை, அவரிடம் இப்படிக் கடன்பட்டவனுடைய சண்டை.

*

யானாகியின் வாதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1925 வாக்கில் அவரும் ஷோஜி ஹமாடா, கன்ஜிரோ கவாய் என்ற இரு குயவர்களும் சேர்ந்து 'மிங்கெய்' என்ற சொல்லை உருவாக்கினார்கள். மக்களின் கைவினை என்று பொருள். சாதாரண மக்கள் சாதாரண மக்களுக்காகச் செய்தது, பயன்பாட்டுக்கானது, விலை மலிந்தது, நிறையச் செய்யப்படுவது, செய்தவர் பெயர் இல்லாதது. இவைதான் அதன் இலக்கணம். அன்றைய கலைச் சந்தை சீண்டாத துடைப்பம், ஜாடி, கம்பளி, கூடை எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். 1936இல் தோக்கியோவின் கொமாபாவில் அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார். இன்றும் இருக்கிறது.

இதுவரை எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அடுத்த படிதான் சிக்கல். அந்தப் பெயரற்ற மனிதன் ஏன் அழகாகச் செய்தான்? யானாகியின் பதில்: அவனுக்கு அழகைப் பற்றி எந்த எண்ணமும் இல்லை. படிப்பில்லாதவன். மரபு அவனைத் தாங்கியது, ஆயிரம் முறை ஒன்றையே செய்ததில் கை தானாக ஓடியது. பௌத்தத்தில் சொல்லப்படும் பிற சக்தி, அதாவது தன் முயற்சிக்கு வெளியிலிருந்து வரும் அருள், அவன் வழியாக வேலை செய்தது. அவன் அறியாமல் செய்தான். அறிந்து செய்யும் கலைஞனோ தன் அகந்தையால் கெடுக்கிறான்.

இதற்கு அவர் காட்டும் உச்ச சாட்சி கிசாயெமோன் தேநீர்க் கிண்ணம். பதினாறாம் நூற்றாண்டுக் கொரியாவில் யாரோ ஒரு குயவன் வனைந்தது. ஜப்பானுக்கு வந்து, தேநீர்ச் சடங்குக்காரர்கள் கண்ணில் பட்டு, தேசியப் பொக்கிஷமாகி, கியோத்தோவின் தைதொகுஜி வளாகத்தில் ஒரு துணைக்கோயிலில் இருக்கிறது. யானாகி 1931இல் அதை நேரில் பார்த்தார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று திறந்து கிண்ணம் வெளியே வரும் இடத்தை அருமையாக எழுதியிருக்கிறார். வந்தது என்ன? ஏழை ஒருவன் ஏழைகளுக்காகச் செய்த சாதாரணச் சோற்றுக் கிண்ணம். அந்தச் சாதாரணத்தன்மைதான் அதன் அழகு என்று கொண்டாடுகிறார். (அது சோற்றுக் கிண்ணம்தானா, ஒருவேளை சடங்குப் பாத்திரமா என்று பிற்பாடு மாற்றுக் கருத்தும் வந்திருக்கிறது.)

இரண்டாம் வாசிப்பில்தான் ஒன்று உறைத்தது. கிசாயெமோன் என்பது குயவன் பெயர் இல்லை. அதை வைத்திருந்த ஒசாகா வியாபாரியின் பெயர். செய்தவனுக்குப் பெயர் இல்லை, வாங்கியவன் பெயர் நிலைத்துவிட்டது.

*

இரண்டாம் வாசிப்புக்கு என்னைத் தள்ளியது ஒரு கூடை.

அம்மா வயர் கூடை பின்னுவார். தோட்டத்தில் இருந்தபோது பக்கத்து லயத்து அக்கா ஒருவரிடம் கற்றது. அப்பா இறந்தபிறகு சுங்கைப் பட்டாணியில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். பகலில் துப்புரவு வேலை, ராத்திரியில் கூடை. பிளாஸ்டிக் வயரை அளந்து வெட்டி, அடியை முதலில் போட்டு, முடிச்சு முடிச்சாக மேலே ஏற்ற வேண்டும். கத்தரிக்கோல் தவிர வேறு கருவி கிடையாது. ஒரு கூடை 25 வெள்ளிக்கு விற்ற காலம் அது. படிவம் நான்கில் எனக்கு வாங்கித் தந்த கேசியோ கணிப்பான் கூடைக் காசுதான். சம்பளம் வீட்டுக்கு, கூடைக் காசு மட்டும் அம்மாவுக்குச் சொந்தம். யாரிடமும் கேட்காமல் செலவழிக்க அவரிடம் இருந்த ஒரே பணம் அது.

போன வருஷம் ஒரு கூடையைப் படம் பிடித்து என் பக்கத்தில் போட்டேன். தோழி ஒருத்தி தன் கல்யாணத்துக்கு 20 கூடை கேட்டாள். அம்மாவுக்குச் சந்தோஷம். வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது பின்னிக்கொண்டிருந்தார். நாலாவது வரிசையில் ஓரிடத்தில் முடிச்சு லேசாக இழுத்துக்கொண்டு நின்றது. அம்மா பிரிக்க ஆரம்பித்தார்.

"மா, விடுங்க. அப்படியே இருக்கட்டும். அங்கங்க ரெண்டு இப்படி இருந்தாதான் கையால செஞ்சதுன்னு தெரியும். இப்ப எல்லாரும் அதத்தான் விரும்பறாங்க."

அம்மா தலையைத் தூக்கவில்லை. "கையால செஞ்சதுன்னா கோணலா இருக்கணும்னு எவன் சொன்னான்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். யானாகியைப் பற்றி, ஜப்பானைப் பற்றி, குறையின் அழகைப் பற்றி ஒரு கால் மணி நேரம் பேசினேன். படித்த மகன் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டே பிரித்தார். பிரித்த வயர் சுருண்டு நிற்கும், இரண்டு விரலால் நீவி நேராக்கித்தான் மறுபடியும் முடிச்சுப் போட முடியும். நீவிக்கொண்டே சொன்னார்: "உன் கம்பெனில தப்பா வந்தா தூக்கிப் போடுவேன்னு சொல்ற. நான் செஞ்சது தப்பா வந்தா மட்டும் அழகா? என்னடா நியாயம் இது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 20 கூடையும் முடித்துக் கொடுத்தார், ஒன்றில்கூடக் கோணல் இல்லை. அதன்பிறகு நாலைந்து மாதம் நான் கூடைப் பேச்சை எடுத்தாலே வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவர் வேலையை நான் மட்டம்தட்டிவிட்டதாக நினைத்தார். அவர் நினைத்தது சரி.

*

மறுபடியும் புத்தகத்தை எடுத்தேன். முதலில் தெரிந்தது என் தப்பு. ஒழுங்கின்மையின் அழகு பற்றிய கட்டுரையில் யானாகி தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: வேண்டுமென்றே கொண்டுவரும் கோணல் பொய். தேநீர்ச் சடங்குக்கென்றே செய்யப்பட்ட ராகு கிண்ணங்களை அவர் குறை சொல்வது இதற்காகத்தான். அவற்றில் கோணலைத் திட்டமிட்டு வைக்கிறார்கள். நான் அம்மாவைச் செய்யச் சொன்னது அதைத்தான். யானாகி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அம்மா பக்கம்தான் பேசியிருப்பார். புத்தகத்தைப் பாதி படித்துவிட்டுக் காப்பிக்கடைக் கண்ணோடு பேசியவன் நான்.

ஆனால் அம்மா பக்கம் பேசியிருந்தாலும், தவறான காரணத்தைச் சொல்லியிருப்பார் என்பதுதான் என் விமர்சனம். "இவர் அறியாமல் செய்கிறார், விட்டுவிடு" என்றிருப்பார். அம்மா அறியாமல் எதுவும் செய்யவில்லை. எந்த முடிச்சு நிற்கும், எது இழுக்கும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் கண்ணை உறுத்தும் என்று அவருக்கு அபிப்பிராயம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பின்னும் கூடையைப் பற்றியும் இருக்கிறது. (அதை இங்கே எழுத முடியாது.) பிரிப்பது என்றால் என்ன? தான் செய்ததைத் தானே பார்த்து, இது போதாது என்று தீர்ப்புச் சொல்வது. நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து கதை வாசித்து விவாதிக்கிறோமே, அதே வேலையை அவர் தனியாக, இரவு 11 மணிக்கு, கூலி இல்லாமல் செய்கிறார்.

யானாகிக்கே இதற்கான ஆதாரம் கையில் இருந்தது. ஜப்பானின் வடகோடியில் ட்சுகாரு வட்டாரப் பெண்களின் 'கோகின்' தையலைப் பாராட்டி எழுதியவர் அவர். விவசாயிகள் பருத்தி உடுத்தக் கூடாது என்று அங்கே தடை இருந்தது. பனிக்காலத்தில் சணல்வகைத் துணி குளிர் தாங்காது. அதனால் நீலச் சாயம் தோய்த்த துணியின் இழைகளை எண்ணி எண்ணி நூலால் இட்டு நிரப்பினார்கள். பிற்பாடு வெள்ளைப் பருத்தி நூல் வந்தது. குளிருக்காகப் போட்ட தையல், அதில் சாய்சதுரக் கோலங்கள் எழும்பின. அந்தக் கோலங்களுக்கு அந்தப் பெண்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்: பூனைக்கண், அவரை, சுரைக்காய், பட்டாம்பூச்சி.

இதை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா போடும் முடிச்சுகளுக்கும் பெயர் உண்டு. சிவன் கண். நெல்லிக்காய். பிஸ்கட். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாரோ ஒருத்தி ஒரு நாள் தன் கூடையைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்திருக்கிறாள், இது கண் மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சொன்னதைப் பக்கத்தில் இருந்தவள் ஒத்துக்கொண்டிருக்கிறாள். பெயர் வைப்பதற்கு முதலில் பார்க்க வேண்டும். இதிலிருந்து அது வேறு என்று பிரிக்க வேண்டும். எதுபோல் இருக்கிறது என்று தேட வேண்டும். உவமை என்பதே அதுதானே? அறியாதவர்கள் உவமை சொல்ல மாட்டார்கள்.

என் தொழிற்சாலையிலும் இதைப் பார்க்கிறேன். ஆவணத்தில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. உருப்பெருக்கிக்குக் கீழே வருஷக்கணக்காகப் பலகை பார்க்கும் மக்சிக் ஒருவர் அந்த எண்ணைச் சொல்லவே மாட்டார். ஈயம் மெல்லிய இழையாக நீட்டிக்கொண்டிருந்தால் 'காக்கி செமுட்' என்பார், எறும்புக் கால். புதிதாக வரும் பொறியாளர்கள் சிரிப்பார்கள். ஒரே மாதத்தில் அவர்களும் எறும்புக் கால் என்று சொல்லித்தான் குறையைப் பிடிப்பார்கள்.

*

யானாகி ஏன் இதைப் பார்க்கவில்லை? அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டமான விஷயம். ஜப்பான் கொரியாவைப் பிடித்து ஆண்ட காலத்தில், 1922இல், சியோலின் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிக்கும் திட்டத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியவர். 1924இல் அங்கே கொரிய நாட்டார் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தவர். அதற்குப் பணம் சேர்க்க அவர் மனைவி, பாடகி கனேகோ, கச்சேரிகள் செய்தார். அப்படிப்பட்டவர்தான் கொரியக் கலையின் சாரம் சோகம் என்றும் எழுதினார். நாங்கள் என்ன அழுதுகொண்டா குயவு செய்தோம் என்று பின்னாளில் கொரியர்கள் அவரை விமர்சித்தார்கள். நேசிப்பவர் நேசிக்கப்படுபவருக்காகப் பேசும்போது, அவருக்கு வாய் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார். கிண்ணத்தைப் பார்த்தார் யானாகி. கூர்மையாகவே பார்த்தார். ஆனால் கிண்ணத்தைச் செய்தவனும் அதைப் பார்த்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதை ஜப்பானியர் குறையாக மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. நான் வாசித்த நம் தோட்டக் கதைகளில் பல, பால்மரம் வெட்டும் பெண்ணை வெள்ளந்தியாகவே காட்டுகின்றன. அவளுக்குப் பசி இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, குடிகாரக் கணவன் இருக்கிறான். அவள் பட்டையைச் சீவும்போது எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே மரம் காயப்படும் என்று கணக்கிடும் மூளையை அதிகம் பார்த்ததில்லை. எந்த மங்கு நல்ல மங்கு என்று அவள் சொல்லும் வரி ஒன்று நம் கதைகளில் இருந்திருந்தால், அந்தக் காப்பிக்கடையில் நான் அம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்திருக்க மாட்டேன்.

ஆகவே நண்பர்களுக்கு என் சிபாரிசு: 'தி அன்னோன் கிராஃப்ட்ஸ்மேன்' கட்டாயம் வாசியுங்கள். அறிவதற்கு முன் பார்க்க வேண்டும் என்று யானாகி சொல்லும் கட்டுரை ஒன்றுக்காகவே வாசிக்கலாம். சின்னச் சம்பளத்தில் தனி அறையில் இருப்பவருக்கு, வாழ்க்கை இன்னும் ஆரம்பிக்கவில்லை, நல்ல தட்டெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு என்று நினைப்பவருக்கு, இது நல்ல மருந்து. ஆனால் 'அறியாமல்' என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, யார் அறியாமல் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

*

மூன்று மாதத்துக்கு முன் அம்மாவிடம் எனக்கும் கூடை சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். சமாதானத்துக்காகக் கேட்டது என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிக்கொடுத்தார். அடி போடவே இரண்டு ஞாயிறு ஆனது. எண்ணிக்கை ஒன்று பிசகினால் பத்து வரிசை கழித்துத்தான் தெரிகிறது. கை தானாக ஓடும் என்று யானாகி எழுதியதைத் தேடிப் பார்த்தேன். என் கை ஓடவில்லை. அம்மா கை ஓடுகிறது, ஆனால் கண் அதன் கூடவே ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது தெரியும்.

என் முதல் கூடையை அம்மா கையில் வாங்கி, அந்த மங்கைப் பார்த்த மாதிரியே திருப்பி அடியைப் பார்த்தார். "இந்தப் பக்கம் இழுத்துக்கிச்சு. கைப்பிடி பரவால்ல."

பிரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"உனக்கு உறுத்துதா?"

"உறுத்துது மா."

"அப்ப பிரி."